அறுபதுக்குப் பின் தேவாரமும் உழவாரமும்: புதிதாகத் தொடங்குவோருக்கு

காவிரிப் பாசனப் பகுதியில் பணி ஓய்வு பெற்றவர்கள், நிலத்தைக் குத்தகைக்கோ பிள்ளைகளிடமோ விட்டுவிட்டு வீட்டோடு இருப்பவர்கள், துணையை இழந்து தனித்திருப்பவர்கள் ஆகியோரில் பெரும்பாலோர் கோயிலுக்குப் போகிறவர்கள்தாம். பிரதோஷம் தவறுவதில்லை, குருப்பெயர்ச்சிக்கு ஆலங்குடிக்கும் சனிப்பெயர்ச்சிக்குத் திருநள்ளாற்றுக்கும் சென்று வருகிறார்கள், வீட்டில் நாள்தோறும் விளக்கேற்றுகிறார்கள். அப்படியிருந்தும், “இன்னும் எதற்காக இருக்கிறேன்” என்ற கேள்வி அவர்களில் பலரை நீண்ட பிற்பகல்களில் வருத்துகிறது. கும்பிட்டுத் திரும்பும் பழக்கம் மட்டும் அந்தக் கேள்விக்கு விடை தருவதில்லை என்பது என் உறுதியான எண்ணம். நாம் ஒரு நாள் போகாவிட்டால் ஒரு விளக்கு எரியாது, ஒரு பாட்டு ஒலிக்காது என்ற இடத்தில் நம்மை நாமே நிறுத்திக்கொள்ளும்போதுதான் பக்தி வளரத் தொடங்குகிறது. அதனோடு சேர்ந்து மனிதரும் வளர்கிறார்.

நடந்து போகும் தொலைவில் உள்ள ஒரு சிறு சிவன் கோயிலில் ஒரு சிறு பொறுப்பை ஏற்று, தேவாரத்தைப் பண்ணோடு கற்று, ஏறக்குறைய ஓராண்டில் மாலைப் பூசையில் பஞ்சபுராணம் என்னும் ஐந்து திருமுறைப் பாட்டுகளை ஓதும் அளவுக்கு முன்னேறுவது எப்படி என்பதை இங்கே படிப்படியாக எழுதுகிறேன். நான் அறிந்தது சைவ மரபு என்பதால் அதை ஒட்டியே எழுதுகிறேன். பெருமாள் கோயிலைச் சார்ந்தவர்கள் தேவாரத்தின் இடத்தில் திவ்யப் பிரபந்தத்தை வைத்துக்கொள்ளலாம். மற்றவை பெரும்பாலும் அவர்களுக்கும் பொருந்தும்.

காலம் கடந்துவிட்டதா?

தொடங்குவதற்கு முன் பலருக்கும் வரும் தயக்கம் இது. ஐப்பசி மாதம் முழுவதும் மயிலாடுதுறைத் துலாக்கட்டத்தில் காவிரி நீராடுவது நம் வழக்கம். மாதத்தின் கடைசி நாள் கடைமுழுக்கு. அதற்குள் வந்து சேர இயலாமல் போன கால் முடமான ஒருவருக்காகக் கார்த்திகை முதல் நாள் நீராடினாலும் அதே பலன் உண்டு என்று இறைவன் அருளினார் என்பது அவ்வூர் வரலாறு. அந்த நாளை இன்றும் முடவன் முழுக்கு என்று கொண்டாடுகிறோம். தாமதமாக வருபவருக்கென்று ஒரு நாளையே ஒதுக்கி வைத்திருக்கும் மண்ணில் பிறந்தவர்கள், அறுபத்தைந்து வயதில் தேவாரப் புத்தகத்தைக் கையில் எடுக்கத் தயங்க வேண்டியதில்லை.

முதுமையில் வளர்ந்தவர்களுக்கு நம் மரபில் முன்மாதிரியும் உண்டு. திருநாவுக்கரசர் 81 ஆண்டுகள் வாழ்ந்தார் என்பது சைவ மரபு. கயிலையைக் காணப் புறப்பட்ட அவர், பாதம் தேய்ந்த பின் கையால் தவழ்ந்தும், அதுவும் இயலாதபோது உடலால் உருண்டும் சென்றார் என்றும், இறைவன் பணித்தபடி வடநாட்டுப் பொய்கையில் மூழ்கித் திருவையாற்றுக் குளத்தில் எழுந்து அங்கேயே கயிலைக் காட்சியைக் கண்டார் என்றும் பெரியபுராணம் சொல்கிறது. ஆடி அமாவாசையன்று திருவையாற்றில் இன்றும் அந்தக் காட்சி விழா நடக்கிறது. அதற்குப் பிறகும் அவர் ஓய்ந்து உட்காரவில்லை. திருப்புகலூரில் உழவாரத்தால் புல்லைச் செதுக்கிக்கொண்டிருந்தபோது பொன்னும் மணியும் கிடைக்க, அவற்றைக் கல்லோடு கல்லாக எண்ணிக் குளத்தில் எறிந்துவிட்டுப் பணியைத் தொடர்ந்தார். திருவாரூரில் பிறவியிலேயே பார்வையற்ற தண்டியடிகள், குளத்தங்கரையிலும் குளத்துக்குள்ளும் தறி நட்டு, கயிறு கட்டி, அதைத் தடவிக்கொண்டே நடந்து குளத்தைத் தோண்டினார். கண்புரை வந்தவர்களும் முழங்கால் தேய்ந்தவர்களும் அந்தக் கயிற்றை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்: உடலால் எது முடியவில்லையோ அதற்கு ஓர் ஏற்பாடு செய்துகொண்டு பணியில் இறங்குவதே அவர் காட்டிய வழி.

முதல் படி: கோயிலைத் தேர்ந்தெடுத்தல்

சம்பந்தர், நாவுக்கரசர், சுந்தரர் ஆகிய மூவர் பாடிய தலங்களில் சோழநாட்டில் மட்டும் காவிரிக்கு வடகரையில் 63, தென்கரையில் 127 என 190 தலங்கள் உள்ளன. ஆகவே நம் பகுதியில் எந்த ஊரிலிருந்து புறப்பட்டாலும் பாடல் பெற்ற தலம் ஒன்று எட்டும் தொலைவில் இருக்கும். இருந்தாலும் அன்றாடப் பணிக்குப் பெரிய கோயிலைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்றே சொல்வேன். அங்கே ஆட்கள் இருக்கிறார்கள், கூட்டம் இருக்கிறது. நம் வரவும் இன்மையும் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஒருகால பூசை மட்டும் நடக்கும் கிராமத்துக் கோயிலைப் பாருங்கள். குருக்கள் நான்கைந்து ஊர்க் கோயில்களுக்கு மொபெட்டில் சுற்றி வருபவராக இருப்பார். இங்கே வந்து கதவைத் திறந்து, ஒரு குடம் நீர் வார்த்து, நைவேத்தியம் காட்டி, அரைமணியில் அடுத்த ஊருக்குப் புறப்பட வேண்டியிருக்கும். அவர் வருவதற்கு முன்பே வாசல் பெருக்கி, பூப் பறித்து, விளக்கில் எண்ணெய் விட்டு வைக்க ஓர் ஆள் இருந்தால் அந்த அரைமணியில் பூசை நிறைவாக நடக்கும். அந்த ஆளாக நீங்கள் ஆகலாம்.

தேர்ந்தெடுக்கும்போது சில நடைமுறைகளையும் கவனிக்க வேண்டும். வீட்டிலிருந்து பத்து நிமிட நடைக்குள் இருப்பது நல்லது; பேருந்து சாலையையோ இரயில் கேட்டையோ கடக்க வேண்டியிருந்தால் வேறு கோயிலைப் பார்க்கலாம். நிலைப்படி உயரமா, கருவறை முன் படிகளில் பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டா, பக்கத்தில் கழிப்பறைக்கு வழியுண்டா என்பதையும் வெட்கமின்றிப் பார்த்து வையுங்கள். தஞ்சைப் பெரிய கோயில், தாராசுரம் போன்றவை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை; அங்கே வழிபடலாமே தவிர, நாமாகச் சுத்தம் செய்யும் வேலையில் இறங்கக் கூடாது.

இரண்டாம் படி: ஒரு மாதம் வெறுமனே போய் வருதல்

முதல் மாதம் எந்தப் பொறுப்பும் ஏற்க வேண்டாம். ஒரே நேரத்தில் போய், கும்பிட்டு, மண்டபத்தில் அமர்ந்து, என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள். பூ எங்கிருந்து வருகிறது, எண்ணெய் யார் தருகிறார்கள், சாவி யாரிடம் இருக்கிறது, எந்தச் சன்னதியில் விளக்கு அடிக்கடி அணைந்துபோகிறது என்பவை எல்லாம் கேட்காமலேயே தெரிந்துவிடும். அலுவலகத்தில் பொறுப்பில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் வந்த வாரத்திலேயே நிர்வாகத்தைச் சீர்திருத்த முற்படுவதை நான் பார்த்திருக்கிறேன். ஏற்கெனவே பணி செய்துகொண்டிருப்பவர்களின் மனம் அதனால் சுருங்கிவிடுகிறது. பிறகு அந்த இடத்தில் யாருக்கும் நிம்மதி இருப்பதில்லை.

மூன்றாம் படி: ஒரே ஒரு பணியை ஏற்றல்

மாதம் முடிந்ததும் குருக்களிடம், “சாமி, நான் தினமும் சாயந்திரம் அஞ்சு மணிக்கு வந்துடுவேன், எனக்கு ஒரு வேலை சொல்லுங்க” என்று கேளுங்கள். கோயில் அறநிலையத்துறையின் நிர்வாகத்தில் இருந்தால் செயல் அலுவலருக்கோ தக்காருக்கோ ஒரு கடிதம் கொடுத்து, அனுமதி பெற்ற பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். பின்னால் வரும் மனக்கசப்புகளில் பெரும்பகுதியை இந்த ஒரு கடிதம் தவிர்த்துவிடும்.

புதியவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது விளக்குப் பணி. குனிந்து நிமிர வேண்டியதில்லை, அமர்ந்தே செய்யலாம். பித்தளை விளக்கை எடுத்ததும் நீரில் நனைத்துவிடக் கூடாது. கருகிய திரியையும் அடியில் தங்கிய எண்ணெயையும் நீக்கிவிட்டு, உலர்ந்த தவிட்டையோ சலித்த சாம்பலையோ தூவிப் பழைய வேட்டித் துணியால் அழுத்தித் துடைத்தால் பிசுக்கு முழுவதும் அதில் ஏறி வந்துவிடும். அதன் பிறகே ஊறவைத்த புளியும் உப்பும் சேர்த்துத் தேய்த்து, கழுவி, உடனே ஈரம் போகத் துடைக்க வேண்டும். தானாகக் காயட்டும் என்று விட்டால் கறுப்புத் திட்டு விழும். புதுத் திரியை எண்ணெயில் முழுதும் நனைத்து, நுனியை மட்டும் சற்றுப் பிழிந்துவிட்டு வைத்தால் உடனே பற்றும். எங்கள் பக்கத்துக் கோயிலில் எழுபது வயதைக் கடந்த ஓர் அம்மா இந்தப் பணியைச் செய்கிறார். ஒவ்வொரு விளக்கையும் துடைத்து முடித்ததும் கண்ணருகே தூக்கிப் பிடித்து, திரி வைக்கும் மூக்கின் உட்பக்கம் கறுப்பு மிச்சமிருக்கிறதா என்று சுண்டுவிரல் நகத்தால் தடவிப் பார்த்த பிறகே கீழே வைப்பார். கணவர் போன பிறகு சில ஆண்டுகள் வீட்டை விட்டு வெளியே வராமல் இருந்தவர் அவர்.

உடல் வலு உள்ளவர்கள் உழவாரத்தில் இறங்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பிராகாரம் முழுவதும் புல் மண்டிவிடும். தை பிறந்து தரை சற்று இறுகியதும் வேலைக்கு ஏற்ற காலம். காலை ஒன்பது மணிக்குள் முடித்துவிட வேண்டும். தை, மாசியைத் தாண்டினால் கல் சுட ஆரம்பித்துவிடும். கோயிலுக்குள் செருப்பு இல்லாமல் வேலை செய்வதால், நெருஞ்சி முள்ளுக்கும் பாம்புக்கும் முன்னெச்சரிக்கை தேவை: முதலில் நீண்ட கம்பால் புல்லைத் தட்டிக் கலைத்துவிட்டு, நீளமான பிடியுள்ள களைக்கொத்தால் கொத்துங்கள், கையை நேரடியாகப் புதருக்குள் விடாதீர்கள். குந்தி அமர முடியாதவர்கள் தாழ்வான முக்காலியைக் கொண்டுபோகலாம்.

செய்யக் கூடாதவற்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் நல்லெண்ணத்தாலேயே பெரிய சேதம் விளைந்துவிடுகிறது. சுவரிலும் அதன் அடித்தளமாகிய அதிட்டானத்திலும் உள்ள கல்வெட்டுகளைக் கம்பித் தூரிகையால் தேய்ப்பதும், அமிலம் ஊற்றுவதும், அவற்றின் மேல் சுண்ணாம்போ வண்ணமோ பூசுவதும் கூடவே கூடாது. தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட 48 பேரையும், உடுக்கைக்கு ஒருவர், கொட்டி மத்தளத்துக்கு ஒருவர் என இருவரையும் இராசராசன் நியமித்த செய்தி நமக்குக் கல்வெட்டால்தான் கிடைத்தது. உங்கள் ஊர்ச் சுவரில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கப்படாமலே இருக்கலாம். கோபுரத்திலும் விமானத்திலும் முளைத்திருக்கும் அரசங்கன்றுகளைப் பிடுங்க நீங்கள் ஏற வேண்டாம். மேலே ஒடித்தால் வேர் உள்ளேயே தடித்து வெடிப்பை அகலமாக்கும். எந்த இடத்தில் கன்று முளைத்திருக்கிறது என்று குறித்து, கைப்பேசியில் படமெடுத்து, அலுவலகத்தில் கொடுப்பதே உங்கள் பணி. அதுவும் கோயிலைக் காக்கும் பணிதான்.

நான்காம் படி: முதல் பாட்டு

பணி பழகிய இரண்டாம் அல்லது மூன்றாம் மாதத்தில் பாட்டைத் தொடங்கலாம். பெரிய எழுத்தில் அச்சிட்ட ஒரு திருமுறைத் திரட்டு போதும். எடுத்த எடுப்பில் பன்னிரு திருமுறையையும் வாங்கி அலமாரியில் அடுக்க வேண்டாம். பொருள் அறிய விரும்புவோர் தருமபுரம் ஆதீனம் உரையோடு பதிப்பித்த பன்னிரு திருமுறையைப் பார்க்கலாம். முதல் மூன்று திருமுறைகள் சம்பந்தர் பாடியவை, அடுத்த மூன்றும் நாவுக்கரசர் பாடியவை, ஏழாவது சுந்தரர் பாடியது என்ற அளவு வரிசை தெரிந்தால் தேடுவது எளிதாகிவிடும்.

முதல் பாட்டாக நாவுக்கரசரின் “மாசில் வீணையும் மாலை மதியமும்” என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கே அடிகள், சொற்கள் எளியவை, பல பேருக்குப் பள்ளியில் படித்த நினைவும் இருக்கும். அடுத்து உங்கள் ஊருக்கோ பக்கத்து ஊருக்கோ உரிய பதிகம். சொந்த ஊரின் பெயர் பாட்டுக்குப் பாட்டு வருவதைக் கேட்கும் மகிழ்ச்சியே மனப்பாடத்துக்குத் துணை. சம்பந்தர் பதிகங்களில் பெரும்பாலானவற்றுக்கு ஓர் ஒழுங்கு உண்டு: எட்டாம் பாட்டில் கயிலையைப் பெயர்த்த இராவணன் வருவான், ஒன்பதாம் பாட்டில் அடிமுடி தேடிய திருமாலும் பிரமனும், பத்தாம் பாட்டில் சமணரும் சாக்கியரும், நிறைவுப் பாட்டில் சம்பந்தரின் பெயரும். இந்த ஒழுங்கு மனத்தில் பதிந்துவிட்டால், நடுவில் மறந்தாலும் அடுத்த பாட்டின் முதற்சொல் தானே நாவுக்கு வந்துவிடும். வாரத்துக்கு ஒரு பாட்டு என்ற கணக்கு வயதானவர்களுக்கு ஏற்றது. கையால் எழுதிப் பார்ப்பதும், கோயிலுக்கு நடக்கும்போது வாய்க்குள் சொல்லிக்கொண்டே போவதும், படுக்கைக்குப் போகுமுன் ஒரு முறை பார்க்காமல் சொல்வதும் மிகுந்த பயன் தரும்.

ஆசிரியரிடம் கற்பது இன்றியமையாதது. ஒலிப்பதிவைக் கேட்டுப் பழகலாம், தருமபுரம் ப. சுவாமிநாதன் பாடிய பதிவுகள் சொல் தெளிவுக்கு மிகச் சிறந்தவை. ஆனால் நம் பிழையை ஒலிப்பதிவு நமக்குச் சொல்லாது. மயிலாடுதுறை, கும்பகோணம், திருவையாறு, சீர்காழி, திருவாரூர் வட்டாரங்களில் ஓதுவார்கள் இருக்கிறார்கள். பெரிய கோயில்களில் மாலைப் பூசை முடிந்த பின் அணுகிக் கேட்டால், வாரம் ஒரு நாள் சொல்லித்தர ஒப்புக்கொள்வார்கள் அல்லது சொல்லித்தருபவரைக் காட்டுவார்கள். முதல் நாள் வெற்றிலை பாக்கு, பழத்தோடு தட்சிணை வைத்து வணங்கித் தொடங்குங்கள். ஓதுவார் முப்பது வயதினராக இருக்கக்கூடும். திருப்பூந்துருத்தியில் சம்பந்தர் ஏறிவந்த சிவிகையை, அவரைவிட வயதில் பன்மடங்கு மூத்த நாவுக்கரசர் கூட்டத்தோடு நின்று தோள்கொடுத்துச் சுமந்தார். இளையவரிடம் கற்க அமரும்போது மனம் எங்கேனும் உறுத்தினால் அந்தத் தோளை நினைத்துக்கொள்ளலாம்.

வயது முதிர்ந்தவர்களின் குரலுக்குச் சில குறிப்புகள் தேவை. இளமையில் பாடிய சுருதியைவிட அரைக் கட்டையோ ஒரு கட்டையோ இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பல்செட் அணிபவர்களுக்கு ழகரமும் றகரமும் முதலில் தடுமாறும். தினமும் சத்தமாக வாசித்தால் சில வாரங்களில் சரியாகும். மூச்சு எல்லாருக்கும் பெரிய கவலை. நான் கேட்ட ஒரு வகுப்பில், ஓய்வு பெற்ற நடத்துநர் ஒருவர் முதல் அடியின் முடிவில் மூச்சு முட்டி நிறுத்தியபோது ஓதுவார் சொன்னார்: “ஐயா, ‘மதியமும்’ வரைக்கும் ஒரே மூச்சுல வரலேன்னா பரவாயில்லைங்க. ‘வீணையும்’னு முடிச்சு மூச்சு எடுத்துக்குங்க. சொல்லுக்கு நடுவுல மட்டும் எடுத்துடாதீங்க.” பெரியவர், “சரிங்க ஐயா” என்று சொல்லி மறுபடி தொடங்கினார். இந்த ஒரு விதி போதும். சொல் உடையாமல் பாடினால் பொருள் உடையாது.

பண் என்றதும் அஞ்ச வேண்டாம். நம் பகுதியில் வளர்ந்தவர்களுக்குத் திருவிழா நாகசுரம் கேட்டுப் பழகிய காது இருக்கிறது. மேகராகக்குறிஞ்சிப் பண்ணை இன்று நீலாம்பரியிலும், தக்கராகத்தைக் காம்போதியிலும், பழம்பஞ்சுரத்தைச் சங்கராபரணத்திலும், காந்தாரபஞ்சமத்தைக் கேதாரகௌளையிலும் பாடுகிறார்கள். பெயர் தெரியாவிட்டாலும் பள்ளியறைச் சேவையில் கேட்ட நீலாம்பரியை உங்கள் காது உடனே அடையாளம் காணும். திருவையாற்றுக்குச் சம்பந்தர் பாடிய “புலனைந்தும் பொறிகலங்கி” என்னும் பதிகம் மேகராகக்குறிஞ்சிப் பண்ணில் அமைந்ததுதான். ஐம்புலனும் தடுமாறி, அறிவழிந்து, உயிர் அலமரும் நேரத்தில் ‘அஞ்சேல்’ என்று அருள்பவன் அமரும் கோயில் என்று அது தொடங்குகிறது. குழந்தையாக இருந்தே பாடல் பாடிய ஒருவர் முதுமையின் கடைசி அச்சத்தைத் தொட்டு எழுதிய அடிகள் அவை. மரணத்தைப் பற்றி வீட்டில் யாரிடமும் பேச முடியாதவர்கள் இந்தப் பதிகத்தைக் கட்டாயம் கற்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

ஐந்தாம் படி: பஞ்சபுராணம்

சிவன் கோயில் பூசையின் நிறைவில் தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் என்ற வரிசையில் ஒவ்வொரு பாட்டு ஓதுவதையே பஞ்சபுராணம் என்கிறோம். ஓதுவார் பணியிடம் இல்லாத சிறு கோயில்களில் குருக்கள் கற்பூரம் காட்டிவிட்டு, யாரும் பாட இல்லாமல் அப்படியே முடித்துவிடுகிறார். ஐந்தே பாட்டுகள் தெரிந்த ஒருவர் நின்றால் அந்தப் பூசை முழுமை பெறுகிறது. ஓராண்டு இலக்காக இதை வைத்துக்கொள்ளுங்கள். திருவிசைப்பாவுக்குத் தஞ்சை வட்டாரத்தினர் கருவூர்த்தேவர் இராசராசேச்சரத்தின்மேல் பாடியதிலிருந்து ஒரு பாட்டை எடுக்கலாம். பெரியபுராணத்துக்கு “உலகெலாம்” என்று தொடங்கும் முதற்பாட்டே வழக்கம். தொடக்கத்திலும் முடிவிலும் ‘திருச்சிற்றம்பலம்’ சொல்லி, இறுதியில் மழையையும் விளைவையும் வேண்டும் “வான்முகில் வழாது பெய்க” என்ற வாழ்த்தைச் சேர்த்துவிடுங்கள். மேட்டூர்த் தண்ணீருக்காக ஆண்டுதோறும் சூன் மாதத்தை எதிர்பார்த்திருக்கும் ஊரில் அந்தப் பாட்டை எல்லாரும் சேர்ந்து சொல்வார்கள்.

ஆறாம் படி: கோயிலுக்கு வெளியே

கற்றதை மதிலுக்குள்ளேயே வைத்துக்கொண்டால் பாதி வழியில் நின்றவர்கள் ஆவோம். திருவையாற்றுக்குக் கிழக்கே உள்ள திங்களூரில் வாழ்ந்த அப்பூதியடிகள், தாம் நேரில் காணாத நாவுக்கரசரின் பெயரில் தண்ணீர்ப்பந்தல் வைத்தார். சித்திரை வெயிலில் பேருந்து நிறுத்தத்தில் இரண்டு மண்பானையும் ஒரு சொம்பும் வைத்து, நாள்தோறும் நீரை மாற்றிவைப்பது பெரிய செலவில்லாத, ஆனால் ஒருநாளும் தவற விடக்கூடாத பணி.

இன்னும் நெருக்கமானது, நோயுற்றோர் வீட்டுக்கும் இறந்தோர் வீட்டுக்கும் போவது. 95 அடிகள் கொண்ட சிவபுராணம் மனப்பாடமாகிவிட்டால் நீங்கள் எந்த வீட்டிலும் பயன்படுவீர்கள். படுத்த படுக்கையாக இருப்பவரின் அருகில் அமர்ந்து, தாழ்ந்த குரலில், நிதானமாகச் சொல்லுங்கள். அவர் உறங்கிவிட்டாலும் முடிக்கும் வரை சொல்லிவிட்டு எழுந்திருங்கள். அங்கே அறிவுரையும் விதியைப் பற்றிய விளக்கமும் வேண்டாம். சாப்பிட்டீர்களா என்று வீட்டாரைக் கேட்பது அவற்றைவிட மேல். தான் யாருக்கும் தேவையில்லை என்று வருந்திக்கொண்டிருந்தவர்கள், சாவு வீட்டில் “ஐயா வந்து சிவபுராணம் சொல்லணும்” என்று இரவு பத்து மணிக்கு ஆள் அனுப்பும் நிலைக்கு வந்தபின் நடக்கும் நடையே மாறிவிடுவதைக் கண்டிருக்கிறேன். எழுபது வயதில் ஒருவருக்கு இதைவிடத் தெளிவான வாழ்வின் நோக்கம் எப்படிக் கிடைக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

மார்கழியில் தெருப் பிள்ளைகளைச் சேர்த்துத் திருவெம்பாவை இருபதும் திருப்பள்ளியெழுச்சி பத்தும் சொல்லித்தரலாம். நாளுக்கு ஒரு பாட்டு. பொங்கல் உண்டென்றால் பிள்ளைகள் வருவார்கள்.

உடல், பணம், வீடு

விரதத்துக்காக மாத்திரையை நிறுத்தாதீர்கள். சர்க்கரை நோய்க்கோ இரத்த அழுத்தத்துக்கோ மருந்து உண்பவர்கள் பிரதோஷத்தன்று பட்டினி இருக்கலாமா என்பதை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். எண்ணெய் சிந்திய கருங்கல் தரையில் வழுக்கி விழுவது வயதானவர்களுக்குப் பெரிய ஆபத்து; சன்னதி முன் எண்ணெய் கண்டால் உடனே சீயக்காய்த் தூளும் வெந்நீரும் போட்டுக் கழுவிவிடுங்கள்.

காணிக்கையை உண்டியலில் செலுத்துங்கள், அல்லது இரசீது பெற்றுக் கொடுங்கள். குடமுழுக்கு, பரிகாரம் என்று சொல்லி இரசீதின்றிப் பணம் கேட்பவர்கள் தனித்திருக்கும் முதியோரைத் தேடி வருவதுண்டு. பிள்ளைகளிடம் கலக்காமல் பெருந்தொகை எதையும் கொடுப்பதில்லை என்று முன்கூட்டியே முடிவு செய்து, கேட்பவரிடமும் அதையே சொல்லிவிடுங்கள். வீட்டில் இருப்பவர்கள் உங்களைப் போலவே பக்தி செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மருமகளின் காலை வேலைகளுக்கு இடையூறு இல்லாத நேரத்தை உங்கள் கோயில் நேரமாக வைத்துக்கொண்டால், சில மாதங்களில் அவரே நந்தியாவட்டைப் பூவைப் பறித்துக் கிண்ணத்தில் வைத்திருப்பார்.

மனம் ஒட்டாத நாட்களும் வரும். துணையை இழந்தவர்களுக்கு இறைவன்மேல் கோபமே வரும். கோபம் வந்துவிட்டதே என்று பணியை விட்டு விலகிவிட வேண்டாம். பார்வையை இழந்து திருவாரூருக்கு வந்த சுந்தரர், நாங்கள் அல்லலுற்றுக் கிடக்க நீர் மட்டும் ‘வாழ்ந்து போதீரே’ என்று பாட்டுக்குப் பாட்டு இறைவனைச் சாடினார். அந்தப் பதிகமும் திருமுறையில்தான் இருக்கிறது. தேவாரத்தில் செந்துருத்திப் பண்ணில் அமைந்த ஒரே பதிகமும் அதுதான். அப்படிப்பட்ட நாட்களில் அதை எடுத்துப் பாடுங்கள். பாட முடியாவிட்டால் விளக்கை மட்டும் துடைத்து வைத்துவிட்டு வாருங்கள்.

கடைசிப் படி: பொறுப்பை ஒப்படைத்தல்

இரண்டாம் ஆண்டிலேயே இதைத் தொடங்கிவிட வேண்டும். படுக்கையில் விழுந்த பிறகு தொடங்க முடியாது. ஒரு நோட்டுப் புத்தகத்தில், எந்தச் சன்னதியில் எத்தனை விளக்கு, ஒரு வாரத்துக்கு எவ்வளவு எண்ணெய், பூ எந்த வீட்டுத் தோட்டத்திலிருந்து வருகிறது, சாவி யார் வீட்டில் இருக்கும், எந்த மாதம் எந்த விழா, அதற்கு என்னென்ன முன்கூட்டி வாங்க வேண்டும் என்பவற்றைத் தெளிவாக எழுதி வையுங்கள். உங்களைவிட ஐந்தாறு வயது இளையவராக, அண்மையில் ஓய்வு பெற்ற ஒருவரைப் பார்த்து வைத்து, வாரத்தில் இரண்டு நாள் அவரைப் பணி செய்யவிட்டு நீங்கள் அருகில் அமர்ந்திருங்கள். அவர் உங்களைப் போலச் செய்யாவிட்டால் திருத்துவதில் அவசரம் காட்ட வேண்டாம். பஞ்சபுராணத்தின் ஐந்து பாட்டுகளில் முதலில் திருப்பல்லாண்டை அவரிடம் விடுங்கள். “பல்லாண்டு கூறுதுமே” என்ற முடிபு எல்லாருக்கும் பழக்கமானது, கூட இருப்பவர்களும் சேர்ந்துகொள்வார்கள். நோட்டின் ஒரு நகலைக் குருக்களிடமும் இன்னொன்றைச் செயல் அலுவலரின் அலுவலகத்திலும் கொடுத்துவிட்டு, முதல் பக்கத்தில் உங்களுக்குப் பின் பணியை ஏற்கும் அந்த இளையவரின் பெயரையும் உங்கள் பெயருக்குக் கீழே எழுதிவிடுங்கள்.